உடனே தோன்றும் படமும் நிலைத்து நிற்கும் படமும்



குழந்தைகள் கேட்கும் கேள்விகளுள் பல, பெரியவர்கள் கேட்கக் கூசும் கேள்விகள். வழக்கம் என்னும் திரை பெரியவர்களின் கண்ணை மறைத்துவிடுகிறது; குழந்தைக்கு அத்திரை இல்லை. 1943-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், சாந்தா பே என்னும் ஊரில் ஒருவர் தம் மூன்று வயது மகளைப் படம் எடுத்தார். எடுத்த படத்தை இப்போதே ஏன் பார்க்க முடியாது என்று அச்சிறுமி கேட்டாள். வேறொரு தந்தையாயின், ‘ஊருக்குப் போனதும் பார்க்கலாம், அம்மா’ என்று சொல்லி அவளை அமைதிப்படுத்தியிருப்பார். இந்தத் தந்தையோ அக்கேள்வியை மனத்தில் சுமந்துகொண்டு அவ்வூர்த் தெருக்களில் உலாவப் புறப்பட்டார். ஒரு மணி நேரத்திற்குள், அதற்கு வேண்டிய காமிரா எத்தகையது, பிலிம் எத்தகையது, ரசாயனம் எத்தகையது என்பன தமக்குத் தெளிவாகிவிட்டன என்று அவரே பின்னாளில் கூறியுள்ளார்.

அவர் பெயர் எட்வின் லாண்டு. 1909-ஆம் ஆண்டில் பிறந்தவர். ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் சேர்ந்தவர். பட்டம் பெறாமலே அதனை விட்டு வெளியேறியவர். ஒளியைத் தளவிளைவு செய்யும் மெல்லிய தகட்டைக் கண்டுபிடித்து, 1937-ஆம் ஆண்டில் போலராய்டு என்னும் நிறுவனத்தை ஏற்படுத்தியவர். ஆதலின் அவருக்கு ஒரு மணி நேரத்தில் விளங்கியது என்றால், அந்த ஒரு மணி நேரத்திற்குப் பின்னே பல ஆண்டு உழைப்பு இருந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது. நிலம் பண்பட்டிருந்தது, குழந்தையின் கேள்வி விதையாக விழுந்தது.

இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்டது, உடனே தோன்றும் இந்தப் படத்தைப் பற்றியது. அது எவ்வாறு தோன்றுகிறது, அதனைக் கொண்டு நாம் வீட்டிலேயே என்னென்ன பரிசோதனைகள் செய்யலாம், அதனை எண்களாக மாற்றிக் கணிப்பொறியில் எவ்வாறு சேமிக்கலாம், சேமிக்கும்போது எதில் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும் என்பவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில் பழைய முறையை நினைவுபடுத்திக்கொள்வோம். பிலிமின் மீது வெள்ளியின் உப்புக்கள் பூசப்பட்டுள்ளன. காமிராவின் கதவு ஒரு கணம் திறந்து மூடும்போது, ஒளி பட்ட இடத்து உப்பில் கண்ணுக்குப் புலனாகாத மாறுதல் ஒன்று நிகழ்கிறது. பிறகு இருட்டறையில் அப்பிலிமை உருத்துலக்கும் திரவத்தில் இட்டால், ஒளி பட்ட உப்பு கரிய வெள்ளித் துகளாக மாறுகிறது. ஒளி படாத உப்பு அப்படியே நிற்கும். அதனை ஹைப்போ என்னும் கரைசலில் கரைத்துக் கழுவி எறிந்துவிடுவார்கள். இப்போது வெளிச்சமான இடம் கருப்பாகவும், இருளான இடம் வெளிறியும் தெரியும். இதுவே நெகடிவ். இந்த நெகடிவின் வழியே ஒளியைப் பாய்ச்சி, வேறொரு தாளில் மறுபடியும் இதே சடங்குகளைச் செய்தால்தான் நாம் காணும் படம் கிடைக்கும்.

லாண்டு இதில் எதனைக் கவனித்தார்? எல்லாரும் கழுவி எறிந்த பொருளைக் கவனித்தார். ஒளி பட்ட இடத்து உப்பு நெகடிவாகிறது என்றால், ஒளி படாத இடத்து உப்பு எங்கெங்கே எஞ்சியிருக்கிறதோ, அங்கெல்லாம் கருமை இருந்தால் அதுதானே உண்மையான படம்? ஆகவே அந்த எஞ்சிய உப்பைக் கழுவி எறியாமல், அருகிலேயே ஒட்டினாற்போல் வைத்த மற்றொரு தாளுக்குக் கடத்திவிட்டால் நெகடிவும் படமும் ஒரே சமயத்தில் உருவாகிவிடும். இந்தக் கருத்து லாண்டு ஒருவருக்கே தோன்றியதன்று. 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெல்ஜியத்தில் ஆந்திரே ராட் என்பவரும், ஜெர்மனியில் எடித் வைடே என்னும் அம்மையாரும், எழுத்துப் பத்திரங்களைப் படியெடுப்பதற்கு இதே வழியைத் தனித்தனியே கண்டிருந்தனர். அதனைக் கையில் தூக்கிச் செல்லும் காமிராவுக்குள் அடக்கிக் காட்டியது லாண்டின் பெருமை.

அவர் செய்த ஏற்பாட்டைப் பாருங்கள். வெல்லப் பாகு போன்று கெட்டியான காரத் திரவத்தை, உருத்துலக்கும் பொருளும் ஹைப்போவும் கலந்து, ஒரு சிறு பையில் அடைத்துப் படத்தாளின் ஓரத்தில் வைத்தார். படம் எடுத்தபின் தாளைப் பிடித்து இழுத்தால், அது இரண்டு உருளைகளின் இடையே நெருங்கி வெளிவரும். கரும்பு ஆலையில் கரும்பு நசுங்குவதுபோலப் பை நசுங்கி உடையும். திரவம் இரு தாள்களுக்கும் இடையே ஒரே சீராகப் பரவும். ஒரு நிமிடம் கழித்துத் தாள்களைப் பிரித்தால் படம் தயார். இருட்டறை முழுவதும் ஒரு சிறு பைக்குள் புகுந்துவிட்டது!

1947-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் நாள், நியூயார்க்கில் கூடிய ஒளியியல் அறிஞர் சபையில் லாண்டு இதனைச் செய்துகாட்டினார். 1948-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள், பாஸ்டன் நகரில் ஜோர்டன் மார்ஷ் என்னும் கடையில் முதற் காமிராக்கள் விற்பனைக்கு வந்தன. விலை 89 டாலர் 75 சென்டு. கொண்டுவந்து வைத்தவை அன்றே விற்றுத் தீர்ந்தன.

கதை இத்துடன் இனிது முடிந்தது என்று எண்ணிவிட வேண்டா. முதலில் வந்த படங்கள் செம்பழுப்பு நிறத்தவை. 1950-இல் கருப்பு வெள்ளைப் படத்தாள் வந்தது, மக்கள் மகிழ்ந்தனர். சில மாதங்களில் அப்படங்கள் மங்கத் தொடங்கின. படம் எடுத்தபின் அதன் மீது ஒரு பாதுகாப்புத் திரவத்தைத் தடவுதல் வேண்டும் என்று ஏற்பாடு செய்தே அக்குறையைத் தீர்க்க வேண்டியதாயிற்று. கருப்பு வெள்ளைப் படத்தாளின் ஆராய்ச்சியைப் பல ஆண்டுகள் முன்னின்று நடத்தியவர் மெரோ மோர்ஸ் என்னும் அம்மையார். அவர் கல்லூரியில் பயின்றது ரசாயனம் அன்று, கலை வரலாறு. கற்கும் ஆர்வம் உடையார்க்குப் பாடப் பிரிவு ஒரு வேலி ஆகாது என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. வண்ணப் படத்திற்கு வழி வகுத்தவர் ஹோவர்டு ராஜர்ஸ். 1963-ஆம் ஆண்டில் வண்ணப் படத்தாள் விற்பனைக்கு வந்தது.

1972-ஆம் ஆண்டில் வந்த எஸ்.எக்ஸ்.-70 என்னும் காமிரா, முன்னவற்றையெல்லாம் விஞ்சியது. அதில் பிரிக்க வேண்டிய தாள் இல்லை. தடவ வேண்டிய திரவம் இல்லை. பொத்தானை அழுத்தியதும் வெண்ணிறச் சட்டமிட்ட தாள் ஒன்று வெளியே வரும். பட்டப்பகலில், நம் கண் முன்பாகவே, அதில் உருவம் சிறிது சிறிதாக மலரும்.

இங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பு. பிலிமின் மீது வெளிச்சம் பட்டால் படம் கெட்டுவிடுமே, பகல் வெளிச்சத்தில் அது எவ்வாறு உருவாகும்? இதற்கான விடையை உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே காணலாம். பினாப்தலீன் என்னும் காட்டியைக் காரத்தில் இட்டால் நல்ல சிவப்பாகிறது. அமிலத்தை மெல்லச் சேர்த்துக் காரத்தைப் போக்கினால் நிறமற்றுப் போகிறது அன்றோ? அத்தகைய சாயங்களையே இப்படத்தாளின் திரவத்திலும் கலந்திருக்கிறார்கள். திரவம் கடுங்காரமாக இருக்கும்வரை அச்சாயம் கருத்து நின்று, கீழேயுள்ள பிலிமுக்குக் குடை பிடிக்கிறது. தாளினுள் அமைந்த ஓர் அமில அடுக்கு, காரத்தைச் சிறிது சிறிதாகத் தணிக்கிறது. வேலை முடியும் வேளையில் காரம் தணிந்து, சாயம் நிறமிழந்து, திரை தானே விலகுகிறது. அதே திரவத்திலுள்ள டைட்டானியம் டை-ஆக்சைடு என்னும் வெண்பொடி, படத்திற்கு வெண்மையான பின்புலம் ஆகிறது.

நிறங்கள் அமையும் விதமும் அழகியது. நீலம், பச்சை, சிவப்பு ஆகிய மூன்று ஒளிகளையும் தனித்தனியே உணரும் மூன்று அடுக்குகள் உள்ளன. ஒவ்வொன்றுடனும் முறையே மஞ்சள், கருஞ்சிவப்பு, நீலப்பச்சை ஆகிய ஒரு சாயம் இணைக்கப்பட்டிருக்கிறது. ஓர் அடுக்கில் ஒளி பட்டால், அவ்விடத்துச் சாயம் நகரமுடியாமல் கட்டுண்டு போகிறது. ஒளி படாவிட்டால் அது மேலே ஏறிப் படமாகிறது. சிவந்த செம்பருத்திப் பூவைப் படம் எடுத்தால், சிவப்பை உணரும் அடுக்கின் நீலப்பச்சைச் சாயம் சிறைப்படும். மஞ்சளும் கருஞ்சிவப்பும் மேலேறி ஒன்றுகூடிச் சிவப்பாகக் காட்சியளிக்கும். ஒவ்வொரு படத்தாளும் ஒரு சிறு ரசாயனக் கூடம் என்றால் அது மிகையாகாது.

ரசாயனம் என்றால் அங்கே வெப்பத்திற்கும் ஒரு பங்கு உண்டு. வினைகளின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். அதனைக் கண்ணாரக் காண்பதற்கு இப்படத்தாளைவிட நல்ல கருவி கிடைத்தல் அரிது. இக்காலத்துப் போலராய்டு வண்ணப் படத்தாளை 13 முதல் 28 பாகை செல்சியசு வரையுள்ள வெப்பத்தில் பயன்படுத்துமாறு சொல்லப்பட்டுள்ளது. நம் நாட்டுச் சித்திரை மாதத்துக் கத்திரி வெயில் இக்கணக்கை அறியாது! ஆகவே ஓய்வு பெற்ற எனக்கு, பேரன் வாங்கித் தந்த காமிராவைக் கொண்டு பரிசோதனை செய்ய நல்ல வாய்ப்பு வாய்த்தது.

பரிசோதனைக்கு முதல் விதி, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல். ஆகவே முற்றத்து மாடத்தில் ஒரு பித்தளைச் செம்பு, ஒரு பச்சை வாழையிலை, ஒரு வெள்ளைத் துண்டு, ஒரு சாம்பல் நிற அட்டை ஆகியவற்றை அசையாமல் வைத்தேன். ஒரே இடம், ஒரே தொலைவு, ஒரே நிழல் வெளிச்சம். மூன்று படங்களை அடுத்தடுத்து எடுத்தேன். ஒன்றைக் குளிர்ந்த அறையில் வைத்தேன். ஒன்றை உறையில் இட்டுப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தேன். ஒன்றை முற்பகல் வெயிலில் காய்ந்த தட்டோட்டின்மேல் அட்டையால் மூடி வைத்தேன். கால் மணி நேரம் கழித்து மூன்றையும் ஒருசேரப் பார்த்தபோது வேறுபாடு நன்கு விளங்கிற்று. குளிரில் இருந்த படம் வெளிறி, நீலம் பாய்ந்திருந்தது. வெயிலில் இருந்தது மஞ்சளும் சிவப்பும் ஏறி, மாலை வேளையில் எடுத்ததுபோல் தோன்றியது. அறையில் இருந்ததே செம்பின் நிறத்தையும் இலையின் நிறத்தையும் ஏறக்குறைய உள்ளபடி காட்டியது. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் நாள், மணி, வெப்பநிலை ஆகியவற்றைப் பென்சிலால் குறித்தேன். குறிப்பு எழுதாத பரிசோதனை, கணக்கு எழுதாத கடை போன்றது. வரவும் தெரியாது, செலவும் தெரியாது.

இன்னொன்றும் சொல்லுதல் வேண்டும். படம் வெளிவந்ததும் அதனை விசிறிபோல் ஆட்டும் பழக்கம் பலரிடம் உண்டு. பிரித்தெடுக்கும் பழைய படங்கள் ஈரமாக வரும். அவற்றைக் காயவைப்பதற்கு ஆட்டினார்கள். இப்போதைய தாளில் உருவம் தெளிவான பிளாஸ்டிக் உறையின் உள்ளே அமைகிறது; காற்று அதனைத் தீண்டுவதே இல்லை. ஆட்டுவதால் நன்மை யாதும் இல்லை. தாளினுள் பரவும் திரவம் கலங்கித் தீங்கு நேரவும் கூடும். காரணம் மறைந்த பின்னரும் பழக்கம் நிற்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இத்துணைச் சிறப்புடைய படத்திற்கு ஒரு பெருங்குறை உண்டு. அதற்கு நெகடிவ் இல்லை. அச்சிட்ட படம் தொலைந்தால் நெகடிவிலிருந்து இன்னொன்று அச்சிடலாம். கணிப்பொறிக் கோப்பு தொலைந்தால் அதன் பிரதியை எடுக்கலாம். இந்தப் படமோ ஓலைச்சுவடி போல ஒன்றே ஒன்று. ஒளியும் வெப்பமும் ஈரமும் அதனை நாள்தோறும் அரித்துக்கொண்டிருக்கின்றன.

படத்தாளின் வாழ்வும் நிலையற்றதாகவே இருந்தது. எல்லாரும் எண்முறைக் காமிராக்களுக்கு மாறியபின், 2008-ஆம் ஆண்டு பிப்ரவரியில் போலராய்டு நிறுவனம் உடனடிப் படத்தாள் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. நெதர்லாந்தில் என்ஸ்கெடே என்னும் ஊரில் இருந்த தொழிற்சாலையின் எந்திரங்களை ஆர்வலர் சிலர் வாங்கி, அங்கு முன்னர் வேலை பார்த்த அனுபவசாலிகளைத் துணைக்கொண்டு, ‘இயலாத முயற்சி’ என்று பொருள்படும் பெயரை வைத்துக்கொண்டு மீண்டும் தொடங்கினார்கள். எந்திரம் இருந்தது, வேண்டிய ரசாயனப் பொருள்கள் பல எங்கும் கிடைக்கவில்லை. புதிதாகவே கண்டறிதல் வேண்டியதாயிற்று. 2010-இல் அவர்கள் வெளியிட்ட முதற் படத்தாளை, வெளிவந்தவுடன் வெளிச்சம் படாமல் மறைக்க வேண்டியிருந்தது. முன்னே சொன்ன குடைச் சாயம் அப்போது அவர்களுக்குக் கைகூடவில்லை. ஒரு தலைமுறை கண்டறிந்த கலையை அடுத்த தலைமுறை பத்தே ஆண்டில் இழந்துவிடக் கூடும் என்பதை இது நமக்கு உணர்த்துகிறது. அவர்கள் மனந்தளராது உழைத்ததனால் இன்று அப்படத்தாள் மீண்டும் நம் கைக்கு எட்டுகிறது.

ஒற்றைப் படத்தைக் காப்பதற்கு இன்று நமக்கு வாய்த்துள்ள வழி, அதனை எண்களாக மாற்றுதல். இதன் தொடக்கத்திலும் ஒரு குழந்தை இருப்பது வியப்பிற்குரியது. 1957-ஆம் ஆண்டில், அமெரிக்கத் தேசிய அளவைக் கழகத்தில் பணிபுரிந்த ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர், படத்தைப் படித்து எண்களாக்கும் பொறி ஒன்றைத் தம் துணைவருடன் அமைத்தார். அதில் அவர் முதன்முதல் வைத்தது, மூன்று மாதக் குழந்தையாகிய தம் மகனின் படம். ஐந்து சென்டிமீட்டர் சதுரமான அப்படத்தை நீளவாட்டில் 176, அகலவாட்டில் 176 கட்டங்களாகப் பகுத்தார். மொத்தம் 30,976 கட்டங்கள். கோலம் போடும் நம் பெண்கள் புள்ளி வைத்து உருவம் அமைப்பதுபோல, எந்திரம் அக்கட்டங்களைக் கொண்டு குழந்தையின் முகத்தை அமைத்தது.

இன்று கடைத்தெருவில் நகல் எடுக்கும் நிலையங்களிலும் ஸ்கேனர் இருக்கிறது. செய்யும் வேலை அதே வேலைதான். கட்டங்கள் மட்டும் மிகப் பல. போலராய்டுப் படத்தின் உருவப் பகுதி ஏறத்தாழ 79 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரம். அதனை அங்குலத்திற்கு 600 புள்ளி என்ற அளவில் வருடினால், ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 1,866 புள்ளிகள். மொத்தம் ஏறத்தாழ 35 இலட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை. இம்மூன்றையும் கலந்து 1,67,77,216 நிறங்களைக் குறிக்கலாம். இதனை நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வருடும் முறையில் கவனிக்க வேண்டியவை சில. புதிதாக எடுத்த படத்தின் உள்ளே ஈரம் இருக்கும். சில வாரங்கள் பொறுத்திருந்து வருடுதல் நன்று. படத்தையும் ஸ்கேனரின் கண்ணாடியையும் மெல்லிய உலர்ந்த துணியால் துடையுங்கள், தண்ணீர் ஆகாது. பளபளப்பான படம் கண்ணாடியில் அழுந்தும்போது, நீர்மேல் எண்ணெய் படர்ந்தாற்போன்ற வண்ண வளையங்கள் தோன்றும். அவை நியூட்டன் வளையங்கள். பௌதிகப் பாடத்தில் படிப்பீர்கள். நான்கு ஓரத்திலும் மெல்லிய அட்டைத் துண்டு கொடுத்துப் படத்தை ஒரு மயிரிழை உயர்த்தினால் அவை மறையும். பொறியே நிறத்தைத் தானாகத் திருத்தும் வசதி இருந்தால், அதனை நிறுத்திவிடுங்கள். முதற்பிரதியை டிஃப் என்னும் சுருக்காத வடிவத்தில் வையுங்கள். பிறர்க்கு அனுப்புவதற்கு வேறு சிறு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். வெண்சட்டத்தையும் சேர்த்தே வருடுங்கள். பின்புறத்தில் எழுத்து இருந்தால் அதனையும் தனியே வருடுங்கள். எழுதியவரின் கையெழுத்தும் படத்தின் ஒரு பகுதியே.

எண்ணாக மாற்றியதால் பரிசோதனைக்கும் புதிய கண் கிடைக்கிறது. செம்பும் இலையும் உள்ள படம் ஒன்றை முதலில் வருடிக்கொண்டேன். பிறகு அதன் பாதியைக் கருப்புத் தாளால் மூடி, மேற்குச் சன்னலில் ஆறு வாரம் வைத்தேன். மீண்டும் அதே அளவுகளில் வருடிச் சாம்பல் அட்டையின் புள்ளிகளைக் கணிப்பொறியில் ஒப்பிட்டேன். கண்ணுக்குப் புலப்படாத அளவு வெளிறியதைக்கூட எண்கள் காட்டின. வெயில் பட்ட பாதியில் எண்கள் உயர்ந்திருந்தன. மூடிய பாதியில் பெரும்பாலும் மாறவில்லை. ஆல்பத்தை இருளான, உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் வையுங்கள் என்று சொல்லும் அறிவுரையின் பொருள் இதனால் தெளிவாகும்.

இனி, இவையெல்லாவற்றினும் முக்கியமான ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

நான் படங்களை வருடுவதை அறிந்து, எங்கள் தெருவில் வாழும் ஒரு தாய் ஒருநாள் என்னிடம் வந்தார். அவர் கையில் ஒரு சிறு உறை. உறையில் ஒரே ஒரு போலராய்டுப் படம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், மலைவாசத் தலம் ஒன்றிற்குச் சென்றபோது, அங்கே உடனடிப் படம் எடுத்துக் கொடுக்கும் ஒருவர் அவருடைய எட்டு வயது மகனை எடுத்த படம். அடுத்த ஆண்டே அச்சிறுவன் காய்ச்சலில் இறந்துவிட்டான். வேறு படம் இல்லை. நிறங்கள் மஞ்சளாய்ப் போயிருந்தன; முகத்தின் மேற்பகுதி வெளிறியிருந்தது.

அதனை வருடிச் சேமித்தேன். மூல எண்களைத் தொடாமல் வைத்துவிட்டு, இன்னொரு பிரதியில் மஞ்சளைச் சிறிது குறைத்தேன். மகனின் சட்டை நீலம் என்று அவர் சொன்னார். குறைத்தபின் நீலம் சற்றே தலைகாட்டியது. அவர் முகம் மலர்ந்தது. “ஐயா, கண் மட்டும் கொஞ்சம் தெளிவாகத் தெரியும்படி செய்ய முடியுமா?” என்று கேட்டார். அருகில் இருந்த என் பேரன், “அதற்கென்று ஒரு செயலி இருக்கிறது, தாத்தா” என்று சொல்லி, அதனை இயக்கினான். சில நொடிகளில் திரையில் ஒளி பொருந்திய இரண்டு கண்கள் தோன்றின. ஒவ்வோர் இமை மயிரும் எண்ணும்படி இருந்தது. அத்தாய் நெடுநேரம் பார்த்தார். பிறகு, “கண் நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா. ஆனால் இது என் பிள்ளையின் கண் இல்லையே” என்றார்.

அவர் சொன்னது விஞ்ஞானப்படியும் முற்றிலும் உண்மை. மங்கிய நிறத்தைச் சரிசெய்வது வேறு; மறைந்துபோன உருவத்தைப் புனைவது வேறு. எஞ்சியிருக்கும் சாயத்தின் அளவை ஒட்டி நிறத்தைத் திருத்தும்போது, படத்தில் உள்ளதையே நாம் வெளிப்படுத்துகிறோம். சாயமே அழிந்துபோன இடத்தில் அறிவதற்கு ஒன்றும் இல்லை. அவ்விடத்தில் பொறி செய்வது, தான் முன்பு கற்ற எண்ணற்ற பிறர் முகங்களிலிருந்து, இங்கே எது பொருந்தலாம் என்று ஊகித்து வரைவது. அந்த ஊகம் அழகாக இருக்கலாம், சான்று ஆகாது. புனைந்த படமே நாளை ஆல்பத்தில் நின்று, மூலம் குப்பைக்குப் போய்விட்டால், அக்குடும்பத்தின் பேரக் குழந்தைகள் யாரோ ஒருவனின் கண்களைத் தங்கள் உறவினன் கண்களென்று எண்ணுவார்கள். இழப்பிலும் பெரிய இழப்பு அதுவே.

அத்தாய்க்கு நாங்கள் கொடுத்தது, மங்கிய முகத்தோடு கூடிய, நிறம் மட்டும் திருத்திய பிரதி. மூலப் படத்தை அமிலமற்ற தாளில் சுற்றிக் கொடுத்து, வெளிச்சமும் ஈரமும் படாத பெட்டியில் வைக்கச் சொன்னோம். சிறுவனின் பெயர், ஊர், எடுத்த ஆண்டு ஆகியவற்றை அவர் வாயால் சொல்லக் கேட்டு எழுதிக்கொண்டோம். அவன் எவ்வாறு சிரிப்பான், எதனைக் கண்டு அஞ்சுவான் என்றெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவற்றையும் என் பேரன் எழுதினான். படம் இழந்ததைச் சொற்கள் ஓரளவு ஈடு செய்தன.

மாணவ நண்பர்களே, எண்களாக மாற்றிவிட்டால் படம் சிரஞ்சீவி ஆகிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். காகிதம் மெல்ல மெல்ல அழிகிறது. மங்கும்போதே நமக்கு எச்சரிக்கை தருகிறது. சேமிப்புத் தட்டு கெடும்போது முன்னறிவிப்பின்றி ஒரே நாளில் கெடுகிறது. ஆகவே முக்கியமான கோப்புக்கு மூன்று பிரதிகளேனும் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறொரு வீட்டிலோ வேறோர் ஊரிலோ இருத்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். கோப்பின் பெயரில் ஆண்டும் ஊரும் ஆளின் பெயரும் இருக்கட்டும். பெயரில்லாத படம், மேல் முகவரி எழுதாத கடிதம் போன்றது. யாருக்கும் போய்ச் சேராது.

உங்கள் வீட்டுப் பரணிலும் பெட்டியிலும் பழைய படங்கள் இருக்கும். வரும் விடுமுறையில் ஒரு பொழுதை ஒதுக்கி, பாட்டனார் பாட்டிமார் அருகில் அமர்ந்து, ஒவ்வொரு படத்தையும் காட்டி, இவர் யார், இது எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேளுங்கள். கேட்டதைப் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள், பிறகு வருடுங்கள். வருடும் பொறியை அடுத்த ஆண்டும் வாங்கிக்கொள்ளலாம். பெயர் சொல்லக் கூடிய பாட்டியார் அடுத்த ஆண்டும் நம்மோடு இருப்பார் என்பதற்கு உறுதி யார் தருவார்? ஆகவே எந்திரத்திற்கு முன் மனிதரிடம் செல்லுங்கள்.

காமிரா கையில் கிடைத்தால், ஒரு படத்தாள் உறையில் எட்டே தாள்கள் என்பதை நினைவில் வையுங்கள். கைப்பேசியில் நூறு படம் எடுத்து ஒன்றையும் பாராதிருப்பதைவிட, எட்டுத் தாளை எதற்குச் செலவிடலாம் என்று எட்டு முறை சிந்திப்பது சிறந்த பயிற்சி. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, வெப்பம் எவ்வளவு, எதனை எடுக்கிறோம், எதற்காக எடுக்கிறோம் என்று எண்ணிப் பார்த்துப் பொத்தானை அழுத்துங்கள். தோன்றும் உருவத்தைப் பொறுமையோடு பாருங்கள். அதில் உள்ளதை உள்ளபடி காப்பாற்றுங்கள்; இல்லாததைச் சேர்க்காதீர்கள். உங்களுக்குப் பின்னே வருபவர்கள், நீங்கள் விட்டுச்செல்லும் படத்தை ஐயமின்றி நம்புவதற்கு அது ஒன்றே வழி.